குட்பை சொல்லாத டிரைவர்

பெர்ஸி ஹால்ராய்டுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஹெல்ம்ஷாவில் அது ஒன்றும் அதிசயமில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பக்கம் தலைகாட்டாதவர்கள் எங்கள் தெருவிலேயே பாதிப்பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள்கூட சுத்தியல் விரலில் பட்டால் கடவுளைக் கூப்பிடுவார்கள். ஊர் அணி கோல் வாங்கினால் இன்னும் பலமாகக் கூப்பிடுவார்கள். பெர்ஸி கூப்பிடமாட்டார். வேண்டிக்கொள்வதற்கும் இல்லை, வைவதற்கும் இல்லை. அந்தச் சொல்லையே வாயிலிருந்து எடுத்து எறிந்தவர் அவர். யாராவது தும்மினால் ஊரே 'ப்ளெஸ் யூ' என்று வாழ்த்தும். இவர் மட்டும் "துடைச்சுக்கோ" என்று கைக்குட்டையை நீட்டுவார்.

அவர் மனைவி ஐவியோ மெத்தடிஸ்ட் சர்ச் மாதர் கூட்டத்துக்குச் செயலாளர். பாடும்போது எல்லோரையும்விட அரைச் சுருதி மேலே நிற்பவள். இந்த இரண்டு பேரும் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்று கேட்டால், "டான்ஸ் ஹால்ல மதம் கேக்கமாட்டாங்க" என்பாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அவள் அப்பா ரொம்ப நாள் பேசவே இல்லை. ஆனால் மழையோ பனியோ, ஞாயிறு காலை பெர்ஸி அவளைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு சர்ச் வரைக்கும் கூட்டிவருவார். அங்கிருந்து தன் காய்கறித் தோட்டத்துக்குப் போய் லீக் என்கிற வெங்காய வகைச் செடிகளுக்கு மண் அணைப்பார். ஆராதனை முடியும்போது சேறு அப்பிய பூட்ஸோடு தெருவில் காத்திருப்பார்.

நான் அவர்களுக்கு அடுத்த வீடு, ஐவியின் மாதர் கூட்டத்திலும் ஒருத்தி. நடுவில் ஒரே சுவர். அங்கே கெட்டில் கூவினால் எனக்குக் கேட்கும். நான் அடுப்பில் ஏதாவது கருகவிட்டால் ஐவி சுவரைத் தட்டுவாள்.

பெர்ஸி பஸ் டிரைவர். ரயில் நிலையத்திலிருந்து மில்களைத் தாண்டி மலைமேட்டுக் கிராமம்வரை போகிற வண்டி. கண்டக்டர்களை எடுத்துவிட்டு டிரைவரே டிக்கெட் கொடுக்கவேண்டும் என்று ஆனபோது மற்ற டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். பெர்ஸிக்கு அது பிடித்துப்போயிற்று. ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லோர் முகமும் பார்க்கலாமே. இறங்கும் ஒவ்வொருவருக்கும் "குட்பை கண்ணு" என்று ஒரு வார்த்தை கட்டாயம் உண்டு. கிழவிக்கும் அதுதான், கிழவி பிடித்துப்போகிற நாய்க்கும் அதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அகராதி வீட்டுக்குள் வந்தது.

எங்கள் சர்ச்சில் வருடா வருடம் பழைய சாமான் விற்பனை நடக்கும். அந்த வருடம், இறந்துபோன ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டிலிருந்து செங்கல் கனத்துக்கு ஓர் அகராதி வந்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, எப்படித் தேய்ந்தது என்பதெல்லாம் இருக்கும் வகை. யாரும் சீண்டவில்லை. கடைசியில் ஐவி தூக்கிக்கொண்டாள். படிக்கிறதற்கு இல்லை. மாட்டு நாக்கை வேகவைத்துக் கிண்ணத்தில் சுருட்டி வைத்தால் மேலே கனமாக எதையாவது ஏற்றி அழுத்தவேண்டும். அதற்கு அவளிடம் சரியான பாரம் இல்லை.

நாக்கு அழுந்தியபிறகு அகராதி மேசைமேல் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற புத்தகத்தை யாராவது ஒருநாள் புரட்டத்தானே செய்வார்கள்? கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்க நான் போயிருந்த ஒரு சாயங்காலம் அது நடந்தது. பெர்ஸி அப்போதுதான் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஐவியின் முகத்தில் பூனை பாலைக் குடித்த களை.

"பெர்ஸி, இன்னிக்கு எத்தனை பேருக்கு குட்பை சொன்ன?"

"எறங்கினவங்க எல்லாருக்கும்தான். ஏன்?"

"அத்தனை பேரையும் ஆசீர்வாதம் பண்ணி அனுப்பியிருக்க. எங்க போதகர்கூட ஒரே நாள்ல அவ்வளவு பேரை ஆசீர்வதிச்சதில்ல."

பெர்ஸி முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஐவி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பைபிள் வாசிக்கிற குரலில் வாசித்தாள். 'காட் பீ வித் யீ.' கடவுள் உங்களோடு இருப்பாராக. அந்தக் காலத்தில் பிரியும்போது முழுசாகச் சொன்னது அது. அவசரத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்தது. 'குட் மார்னிங்', 'குட் நைட்' எல்லாம் பக்கத்திலேயே இருந்ததா, முன்னால் இருந்த 'காட்' அதுகளோடு சேர்ந்து 'குட்' ஆகிவிட்டது. மிச்சம் குட்பை.

"குடு இங்க." பெர்ஸி புத்தகத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். "எவன் எழுதினான் இதை?"

"படிச்சவங்க."

"படிச்சவங்களுக்கு வேற வேலை இல்ல."

"உனக்குள்ள ஒரு பிரசங்கியாரு ஒளிஞ்சிருக்காருன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் ஐவி. என்னால் சிரிப்பை அடக்கமுடியவில்லை. பெர்ஸி என்னைப் பார்த்த பார்வையில் கேக் தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையிலிருந்து பெர்ஸியின் பஸ்ஸில் குட்பை நின்றுபோயிற்று. அதற்குப் பதில் "டா-ரா". எங்கள் பக்கத்தில் மில் பெண்கள் ஒருத்திக்கொருத்தி கையாட்டிச் சொல்லிக்கொள்வது. அவர்களுக்கு அது பொருத்தம். பியானோ டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற மிஸ் லோக்ஸ்லிக்குப் பொருந்துமா? படியில் பாதி இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டாராம்.

"மிஸ்டர் ஹால்ராய்ட், எனக்கா சொன்னீங்க?"

"ஆமா கண்ணு."

"நான் என்ன மீன்கடையிலயா நிக்கிறேன்?"

டெப்போவுக்குப் புகார் போயிற்று. மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். "குட்பை சொல்லணும்னு விதி இருக்கா சார்?" என்று கேட்டார் பெர்ஸி. இல்லை. அத்தோடு முடிந்தது. விஷயம் மட்டும் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மில் விட்டு வரும் பெண்கள் வேண்டுமென்றே வரிசையாக இறங்கி, ஒவ்வொருத்தியும் தலையைத் திருப்பி, "குட்பை பெர்ஸி! குட்பை பெர்ஸி!" என்று நீட்டி முழக்குவார்கள். "டா-ரா, வாயாடிங்களா!" என்று கதவை மூடுவார் அவர். காது மட்டும் சிவந்திருக்கும்.

ஆனால் சும்மா தோற்றுப்போகிற ஆள் இல்லை பெர்ஸி. சாப்பாடு முடிந்ததும் அவரே அகராதியை இழுத்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். எதிரியின் ஆயுதக் கிடங்குக்குள் புகுந்த மாதிரி. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும்.

"ஐவி! தும்மினா 'ப்ளெஸ்'ங்கறீங்களே, அது எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? ரத்தம். ஆடு மாட்டை வெட்டிப் பலிபீடத்துல ரத்தத்தைப் பூசறது. அதுக்குப் பேருதான் ப்ளெஸ். அதைப் போயி சளி பிடிச்ச குழந்தைகிட்ட சொல்றீங்க."

"பூசினவங்க எல்லாம் செத்துப்போயாச்சு. நீ கைகழுவிட்டு வா."

இன்னொரு நாள்: "உங்க மாதர் கூட்டம் வியாழக்கிழமைதானே? தர்ஸ்டே. யாரோட நாளு? தோர்! இடி சாமி. கையில சுத்தியலோட திரிவான். அவனோட நாள்ல உக்காந்துகிட்டு ஏசுவைப் பாடறீங்க."

"அதான் எங்க கூட்டத்துல இவ்வளவு சத்தம்போல" என்றாள் ஐவி.

அவளும் விடமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை 'ஸில்லி' என்று திட்டி வந்தவள். சாக்ஸை அடுப்பில் காயப்போட்டால் ஸில்லி, பனியில் தொப்பி இல்லாமல் போனால் ஸில்லி. அந்தச் சொல் ஒருகாலத்தில் 'அருள் பெற்றவன்' என்று இருந்து, பிறகு 'பாவம் ஒன்றும் அறியாதவன்' ஆகி, அதற்கப்புறம்தான் 'அசடு' ஆயிற்று என்று கண்டுபிடித்தாள். "இத்தனை வருஷம் உன்னைத் திட்டினதா நெனச்சேன் பெர்ஸி. எல்லாம் வாழ்த்தாப் போச்சு!"

"அப்ப திட்டறதுக்கு வேற வார்த்தை பாரு. காசு குடுத்து வாங்கின புத்தகம்தானே, தேடு."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டில் ரேடியோ பாடி நான் கேட்டதில்லை. சிரிப்புச் சத்தம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு மாதிரி. நல்ல மழை. தோட்டத்தில் வேலை இல்லாததால் பெர்ஸி அன்றைக்கு ஐவியைச் சர்ச்சில் விட்டதும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஐவி ஆராதனை முடிந்து தனியாக வந்தாள். பெர்ஸி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். அகராதி திறந்திருந்தது. டீ ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. திறந்திருந்த பக்கத்தில் இருந்த சொல் 'காட்'.

அந்தச் சொல்லுக்கு வேர் நிச்சயமில்லை என்றுதான் அதில் போட்டிருந்தது. யாருக்காக நீர் வார்க்கிறார்களோ அவர் என்று சிலர் சொல்கிறார்கள். கூப்பிடப்படுகிறவர் என்று வேறு சிலர்.

"கூப்பிடப்படறவர்" என்றார் பெர்ஸி. "அவ்வளவுதான் போட்டிருக்கு ஐவி. பதில் சொல்றவர்னு எங்கயும் இல்ல. ரெண்டு தடவை பாத்துட்டேன்."

அன்றைக்குத்தான் அவர் தம்பி க்ளெம் கதையை முழுசாகச் சொன்னார். அதுவரை ஐவிக்கே ஒரு தம்பி சின்ன வயதில் போய்விட்டான் என்பது மட்டும்தான் தெரியும். தொண்டை அடைப்பான் வந்து கிடந்தான் பையன். பெர்ஸிக்கு அப்போது பத்து வயது. அவர் அம்மா சமையலறைக் கல்தரையில் முழங்கால் போட்டுக் கூப்பிட்டாள். குரல் கம்மிப்போகும்வரை அந்த ஒரே சொல்லைக் கூப்பிட்டாள். படிக்கட்டில் உட்கார்ந்து பெர்ஸி கேட்டுக்கொண்டிருந்தார். பையன் போய்விட்டான். அடக்கத்துக்கு வந்த அந்தக் காலத்துப் பிரசங்கியார், 'தன் தோட்டத்துக்கு ஒரு சின்னப் பூ வேணும்னு கடவுள் கேட்டார்' என்று ஆறுதல் சொன்னாராம். "அவருக்கு உலகம் பூரா பூ இருக்கே, எங்ககிட்ட ஒண்ணுதானே இருந்துச்சு" என்று பெர்ஸி கேட்டார். அத்தை கன்னத்தில் அறைந்தாள். அன்றைக்கு எடுத்து எறிந்ததுதான் அந்தச் சொல்.

"நீ என்ன சொன்ன?" என்று பின்னால் நான் ஐவியிடம் கேட்டேன்.

"என்னத்தைச் சொல்ல? ஈரக் கோட்டைக்கூடக் கழட்டாம பக்கத்துல உக்காந்துட்டேன். அடுப்புல இறைச்சி கரிக்கட்டையாப் போச்சு. ரெண்டு பேரும் ஜாம் ரொட்டி தின்னோம்."

அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லை வைத்து ஐவி அவரைக் கேலி செய்ததே இல்லை. மற்ற சொற்களுக்கு விலக்கு கிடையாது.

இதற்குள் பெர்ஸியின் சொல் ஆராய்ச்சி ஊருக்கே தெரிந்துவிட்டது. மாதர் கூட்டத்தில் பேச ஆள் தேடும்போது, "ஐவி வீட்டுக்காரரைக் கூப்பிட்டா என்ன?" என்று யாரோ கேட்டார்கள். பெர்ஸி ஒரேயடியாக மறுத்தார். "சர்ச்சுக்குள்ள நான் வரமாட்டேன்." கோடையில் ஃபைலி கடற்கரைக்கு எங்கள் கூட்டம் சுற்றுலா போகும், வண்டி ஓட்டுவது எப்போதும் பெர்ஸிதான். "அப்ப பஸ்ஸுலயே பேசுங்களேன், அது உங்க இடம்தானே" என்றேன் நான். அவர் ஒத்துக்கொண்டார்.

ஃபைலிக்குப் போய்ச் சேர்ந்தோமோ இல்லையோ, மழை கொட்டத் தொடங்கிவிட்டது. கடலே தெரியவில்லை. எல்லோரும் பஸ்ஸுக்குள்ளேயே சாண்ட்விச்சைப் பிரித்தோம். ஜன்னலெல்லாம் மூச்சு பட்டு வெளுத்துவிட்டது. பெர்ஸி எழுந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நின்றார். பின்சீட்டில் போதகர் ட்ராண்டர் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் புதிது, நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர்.

"ஜெபத்துல லார்டு, லார்டுன்னு கூப்பிடறீங்க" என்று ஆரம்பித்தார் பெர்ஸி. "அந்தச் சொல்லுக்கு ஆதியில அர்த்தம் ரொட்டிக் காவலன். வீட்டுல ரொட்டியைப் பங்கு போட்டுக் குடுக்கறவன். லேடின்னா அந்த ரொட்டிக்கு மாவு பிசையறவ."

"அதானே பாத்தேன்!" என்றாள் எனக்கு முன்னால் இருந்தவள். "வேலை பூரா நாம செய்யறது, காவல்காரனுக்குப் பேரு."

பஸ் குலுங்கியது. பெர்ஸிக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுத்து 'காஸிப்' என்றார். எல்லோர் கண்ணும் திருமதி பாக்ஸன்மேல் போயிற்று. ஹெல்ம்ஷாவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் தெரிந்துகொள்கிறவள் அவள்.

"ஏன், என்னை ஏன் பாக்கறீங்க?" என்றாள் திருமதி பாக்ஸன்.

"கேளு கண்ணு, உனக்கு நல்ல சேதிதான்" என்றார் பெர்ஸி. "முதல்ல அது 'காட்-ஸிப்'." முதல் பாதியாக, தான் எறிந்த அந்தச் சொல்லே வாயில் வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அவர் கண் சொல்லின்மேல் இருந்தது. "ஞானஸ்நானத்துல குழந்தைக்கு ஞானத்தாயா நிக்கறவங்க. கடவுள் வழிச் சொந்தம். அப்புறம், பிரசவம் பாக்க வந்து கூடவே இருக்கற சிநேகிதிகளுக்கெல்லாம் அதே பேரு. வலி எடுத்துக் கிடக்கறவளுக்குப் பக்கத்துல ராத்திரி பகல்னு உக்காந்து பேச்சுக் குடுப்பாங்க. ஆம்பளைங்களை உள்ள விடமாட்டாங்க. உள்ள என்ன பேசறாங்களோன்னு வெளிய நின்னவனுங்க பயந்துபோயிதான் அதுக்கு வம்புன்னு அர்த்தம் வெச்சானுங்க."

திருமதி பாக்ஸன் சாண்ட்விச்சை மடியில் இறக்கி வைத்தாள்.

"எங்க மூணாவதுக்கு ஐவிதான் கூட இருந்தா" என்றாள் திருமதி பாக்ஸன். அவள் குரல் அப்படி மெலிந்து நான் கேட்டதில்லை. "நான் கத்தின கத்தலுக்கு ஜோக்கா சொல்லிக்கிட்டு இருந்தா."

கைதட்டல் ஓய்ந்ததும் பின்சீட்டிலிருந்து போதகர் கேட்டார்: "பெர்ஸி, இவ்வளவு தெரிஞ்சும் உங்களுக்கு நம்பிக்கை வரலியா?"

"கோழியைப்பத்தி எல்லாம் தெரிஞ்சவன் முட்டை போடறானா போதகரே?"

அந்தச் சிரிப்பில் ஜன்னல் ஆடியது. போதகரும் சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து இலையுதிர்காலத்தில் ஐவி மெலிய ஆரம்பித்தாள். சொல்லிக்கொள்ளவில்லை. மாதர் கூட்டத்தில் நாற்காலி எடுத்துப்போடும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்வதை நான்தான் பார்த்தேன். மாவட்ட ஆஸ்பத்திரியில் கட்டி என்றார்கள். வெட்டிப் பார்த்தால்தான் எந்த மாதிரிக் கட்டி என்று தெரியும்.

ஆபரேஷன் அன்று காலை நானும் போயிருந்தேன். போதகர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஜெபம் செய்தார். பெர்ஸி தொப்பியை உருட்டிக்கொண்டு வெளியே நடைக்கூடத்தில் நின்றார். ஆள்கள் வந்து ஐவியைத் தள்ளுவண்டியில் ஏற்றியதும் கூடவே நடந்தார். வண்டிக் கம்பியில் ஒரு கை.

"லீக்குக்கு மண் அணைச்சியா?" ஐவி கேட்டாள்.

"அணைச்சேன்."

"பூனைக்கு?"

"போட்டாச்சு, போட்டாச்சு. நீ பேசாத."

ஆடும் கதவுக்கு முன்னால் நர்ஸ் வண்டியை நிறுத்தினாள். "இதுக்குமேல நீங்க வரக்கூடாது கண்ணு. சொல்லிட்டுப் போங்க."

பெர்ஸி வாயைத் திறந்தார். டா-ரா வரவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டார். "குட்பை ஐவி" என்றார். பிறகு, தேய்ந்துபோன அந்தச் சொல் இங்கே போதாது என்று பயந்தவர்போல, அதைப் பழைய உருவத்துக்கே திருப்பி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்: "காட்... பீ... வித் யீ."

தலையணையிலிருந்து ஐவி தலையைத் தூக்கினாள். "பெர்ஸி ஹால்ராய்ட்! நான் சாகப்போறேன்னு டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்ல புள்ள, சத்தியமா இல்ல!"

"அப்ப எதுக்கு இப்படிப் பயமுறுத்தற, ஸில்லி!"

நர்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதவு இரண்டு பக்கமும் ஆடி மூடியது. உள்ளே ஐவியும் சிரிப்பது கொஞ்ச தூரம்வரை கேட்டது.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் பெர்ஸி. தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார்.  பிறகு என்னிடமா, தொப்பியிடமா தெரியவில்லை, "எங்கம்மா ஏன் அப்படிக் கூப்பிட்டாங்கன்னு இப்பதான் தெரியுது" என்றார். "கேக்கறாங்களா இல்லியான்னு பாத்தா கூப்பிடறோம்? வாயில வேற எதுவும் வரமாட்டேங்குது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டி கெட்ட கட்டி இல்லை. எலும்பும் தோலுமாய் மிஞ்சிய ஐவி ஒரு மாதத்தில் வீடு வந்தாள். அவள் வருவதற்கு முன்னால் சேதி வந்துவிட்டது, ஏனென்றால் அந்த நர்ஸ் திருமதி பாக்ஸனின் தங்கை மகள். பெர்ஸி ஹால்ராய்ட் கடவுளைக் கூப்பிட்டார்! பஸ்ஸில், கடையில், மில் வாசலில் அதுதான் பேச்சு. ஆனால் ஒருவரும் அவரைச் சீண்டவில்லை. மில் பெண்கள்கூட "டா-ரா பெர்ஸி" என்று மெதுவாகச் சொல்லி இறங்கினார்கள்.

போதகர் ட்ராண்டர்தான் பொறுக்கமாட்டாமல் ஒரு பிற்பகல் பூங்கொத்தோடு வந்தார். ஐவி சோபாவில் கம்பளி போர்த்திச் சாய்ந்திருந்தாள். நான் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தேன். பெர்ஸி சமையலறையில்.

"நடந்ததைக் கேள்விப்பட்டேன் திருமதி ஹால்ராய்ட்" என்றார் போதகர், முகமெல்லாம் மலர்ந்து. "ஞாயித்துக்கிழமை அவரும் ஆராதனைக்கு வந்தா சபைக்கே ஒரு சாட்சியா இருக்கும். கதவு தொறந்தாச்சு. நாம கொஞ்சம் கையைப் பிடிச்சு..."

"வேண்டாம் போதகரே" என்றாள் ஐவி.

நான் ஊசியை நிறுத்தினேன். இந்த நாளுக்காக வாழ்நாளெல்லாம் ஜெபித்தவள் அவள்.

"அவரு சொன்னது எனக்கு. உங்க சபைக்கு இல்ல. அந்த மனுஷன் ரொம்ப ஆழத்துலேருந்து அதை எடுத்துக் குடுத்தாரு. அதை வாங்கி நான் ஊர்ல காட்டறதா? வரணும்னா அவரே வருவாரு. வரலேன்னா எம் புருஷன்தான். நீங்களும் ஒண்ணும் கேக்காதீங்க, நானும் கேக்கமாட்டேன்."

போதகருக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். "நீங்க சொல்றது சரி" என்றார். "நான் அவசரப்பட்டுட்டேன்."

பெர்ஸி டீத் தட்டோடு உள்ளே வந்தார். எல்லாம் கேட்டிருக்கும், எங்கள் வீட்டுச் சுவர்களின் கனம் எனக்குத் தெரியாதா? ஐவியின் கோப்பையை முதலில் அவள் கையில் கொடுத்து, அவள் பிடித்துக்கொண்டாள் என்று நிச்சயமானபிறகுதான் விரலை எடுத்தார். பிறகு இஞ்சிக் கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்துப் போதகர் தட்டில் வைத்தார்.

"நானே செஞ்சது. டீயில நனைச்சுத் தின்னுங்க, இல்லேன்னா பல்லு போயிடும்."

ட்ராண்டர் அதைக் கடைசித் துணுக்குவரை தின்று முடித்தார். பேச்சு லீக் செடிக்குக் குதிரைச் சாணம் நல்லதா, புகைக்கூண்டுக் கரி நல்லதா என்று போயிற்று. இரண்டு பேரும் ஒத்துப்போகவே இல்லை. ஐவி நடுவில் தூங்கிவிட்டாள். பெர்ஸி எழுந்து, பேச்சை நிறுத்தாமலே, நழுவிய கம்பளியை அவள் தோள்வரைக்கும் இழுத்துவிட்டார்.